குவைத்துக்கு வழிக்கெடு

நாட்டுக்கூட்டம் கூடுகிற நாளில் வழக்குக்குரிய பெண் உட்காரக் கூடாது என்று ஈச்சங்காட்டில் எந்த மகராசன் சட்டம் போட்டானோ தெரியவில்லை. அவன் ஒரு நாளாவது சாமைக் காட்டில் குனிந்து அறுத்தவனாக இருக்க மாட்டான் என்பது மட்டும் ராணியம்மாளுக்கு நிச்சயம். முந்தின நாள் முழுக்க அறுத்திருந்தாள். இன்றைக்குப் பொழுது கிளம்பியதிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, பலா மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. பேசுகிறவர்களின் வாய் அசைவது தெரிந்ததே தவிர, பாதிப் பேச்சு காதில் ஏறவில்லை.

வழக்கு அவளைப் பற்றியதுதான். ஆனால் அதைக் கொண்டுவந்தவள் அவள் இல்லை, அவளுடைய அண்ணன் ரங்கன். அவன் முதல் நாளே நெல்லிவாசல் நாட்டிலிருந்து நடந்து வந்து ஊர்க்கவுண்டர் கோவிந்தக் கவுண்டரிடம் முறையிட்டிருந்தான். தங்கச்சி புருஷன் குவைத்துக்கு ஆடு மேய்க்கப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. கடைசிக் காயிதம் வந்து பதினான்கு மாசம் ஆகிறது. இருபத்தாறு வயசுப் பெண் மாமியாரோடு சேர்ந்து மாடாய் உழைக்கிறாள். அவனுக்குக் கெடு வையுங்கள், வந்தால் வாழட்டும், வராவிட்டால் என் தங்கச்சியை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இவ்வளவுதான் முறையீடு.

புருஷன் பெயர் சக்கரவர்த்தி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். வாணியம்பாடிப் பக்கத்து ஏஜெண்டு ஒருவன், மலையில் பிறந்தவன் ஆடு மேய்க்கக் கெட்டிக்காரன் என்று சொல்லி அவனைக் கூட்டிப்போனான். கல்யாணமாகிப் பத்து மாசம் ஆகியிருந்தது அப்போது. சொந்த மலையில் நாற்பது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் யாருடைய பாலைவனத்திலோ நானூறு ஆடு மேய்க்கப் போனான். சக்கரவர்த்திக்கு வாய்த்த ராஜ்ஜியம் அது.

இப்படி வெளியூர் போய்த் திரும்பாத புருஷனுக்கு ஈச்சங்காட்டில் வழிக்கெடு என்று ஒன்று வைப்பார்கள். சேதி போய்ச் சேர எத்தனை நாள் நடை, ஆள் வந்து சேர எத்தனை நாள் நடை, இரண்டையும் கூட்டி, அதற்கு மேல் கால் ஆற மூன்று நாள். அதற்குள் வந்துவிட்டால் அவன் புருஷன்தான், மறுபேச்சு கிடையாது. வராவிட்டால் பெண் ஒரு துரும்பைக் கிள்ளிக் கூட்டத்தின் முன் போட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகலாம், வேறு ஆளைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆரணிக்கு மண் வெட்டப் போனவனுக்கு ஏழு நாள் கெடு வைத்திருக்கிறார்கள். மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனவனுக்கு இருபத்தேழு நாள். கெடு முடிகிறவரை அவள் புருஷன் வீட்டு மருமகள்தான். அந்த வீட்டுக் காடும் மாடும் அவள் தலையில்தான்.

குவைத்துக்கு இதுவரை யாரும் கெடு வைத்ததில்லை.

"எம்மாந்தூரம்யா அது?" என்று கவுண்டர் கேட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். தொல்லை பிடித்த வழக்கு வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"அதுக்குத்தான் ஆளு கூட்டியாந்துகீறேன்" என்றான் ரங்கன்.

கூட்டி வந்த ஆள் தேவராஜ். அடிவாரத்துச் சந்தவாசலைச் சேர்ந்தவன், இப்போது ஜீப் ஓட்டுகிறான். அதற்கு முன் நாலு வருஷம் குவைத்தில் லாரி ஓட்டியவன். பாதை முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அதற்கு மேல் ஏறி நடந்து வந்த களைப்பில், மேல் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். இவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் ரங்கனுக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்க மாட்டான் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"இங்கேர்ந்து பாம்பே ஆயிரத்து எரநூறு கிலோமீட்டருங்க. பாம்பேலேர்ந்து குவைத்து ரெண்டாயிரத்து எழுநூறு சொச்சம்."

பெரியவர்கள் நாலு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு விரல் விட்டார்கள். சுமையில்லாமல் ஒருவன் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் நடப்பான். அப்படியானால் ஏறக்குறைய நூறு நாள். சேதி போக நூறு, ஆள் வர நூறு, கால் ஆற மூன்று. இருநூற்று மூன்று நாள்.

ராணியம்மாளுக்கு அந்தக் கணக்கு மட்டும் காதில் தெளிவாக விழுந்தது. சாமை முடிந்து, கொள்ளு முடிந்து, புளி உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, சந்தைக்குச் சுமந்து, மறுபடி உழவு தொடங்குகிற வரைக்கும். அவளுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். காலையில் கூட்டத்துக்கு வரும்போது போக வேண்டும் என்றும் இல்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. இருநூற்று மூன்று என்று கேட்டதும்தான் அண்ணன் வீட்டுக்குப் போகத் தனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்கே தெரிந்தது.

புருஷன் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததில்லை. தூரம் அப்படி. மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் அந்தப் பக்கம் கிடக்கிறான், அவன் என்ன செய்வான் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

இருநூற்று மூன்று நாளோடு விட்டிருக்கலாம். மாமியார் மங்கம்மாள் விடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை ஒருத்தன்தான், அவனும் கண் காணாத இடத்தில். மருமகளும் போய்விட்டால் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க அவள் ஒருத்திதான் மிச்சம். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கேட்கும்.

"கவுண்டரே, நடுவுல கடலு கீதா இல்லியா?"

"கீது" என்றார் கவுண்டர். தேவராஜைப் பார்த்தார். அவனும் தலையாட்டினான்.

"தண்ணி மறிச்ச நாளு கெடுவுல சேராதுன்னு நாட்டார் வார்த்தை கீதா இல்லியா?"

கவுண்டர் வெற்றிலையை மென்றார். அந்த வார்த்தை இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் கவுண்டரின் சொந்த மருமகன் கெடு தாண்டி இரண்டு நாள் கழித்து வந்து நின்றபோது, ஆற்றில் வெள்ளம், ஆள் அக்கரையிலேயே உட்கார்ந்திருந்தான், வெள்ளம் வடிகிற வரைக்கும் நாளை எண்ணக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னவரே அவர்தான். சொந்தக்காரனுக்குச் செய்த சலுகை இப்படிச் சுற்றிவந்து மடியைப் பிடிக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

"அதுக்கு?" என்றார்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. கடலு வடியட்டும். வடிஞ்ச நாள்லேர்ந்து எம்புள்ளைக்குக் கெடு வையுங்க."

யாராவது சிரிப்பார்கள் என்று ராணியம்மாள் எதிர்பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கடலைப் பார்த்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். பெரியவர்கள் மறுபடி தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். வார்த்தை என்றால் வார்த்தைதான், ஆற்றுக்கு ஒன்று கடலுக்கு ஒன்று என்று வைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தேவராஜின் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

"ஏம்பா, கோடையில கொஞ்சம் கொறையுமா அது?"

"எந்தக் கோடையிலயும் கொறையாதுங்க" என்றான் தேவராஜ்.

ராணியம்மாள் மரத்தில் ஊன்றிய கையை மாற்றிக்கொண்டாள். பயம் வந்துவிட்டது. இவர்கள் நிஜமாகவே யோசிக்கிறார்கள். கிழங்கள் மண்டையை ஆட்டி ஆட்டித் தன்னைக் கடல் வற்றும் வரை கட்டிப்போடப் போகிறார்கள் என்று தோன்றியது. ரங்கன் குதித்தான், கத்தினான், துண்டை உதறினான். கத்துகிறவனுக்குக் கூட்டத்தில் மதிப்பில்லை என்பதால் அவனை உட்காரச் சொன்னார்கள்.

தேவராஜுக்கோ பசி எடுத்துவிட்டது. "யாருங்க கடல்ல நடக்கறாங்க?" என்றான் எரிச்சலோடு. "எல்லாம் பிளேன்லதானே போறாங்க. பாம்பேல ஏறி உக்காந்தா நாலு மணி நேரம். குவைத்து."

கூட்டமே அவன் பக்கம் திரும்பியது.

"நாலு மணி நேரம்னா..." என்று கவுண்டர் இழுத்தார்.

"காலையில கஞ்சி குடிச்சிட்டு ஏறினா மதியச் சோத்துக்கு அங்க. நடுவுல அவங்களே ஒரு சோறு தர்றாங்க, அது ஜீரணம் ஆவறதுக்குள்ள எறக்கிவுட்டுடறாங்க." கேட்கிறவர்கள் வாயைப் பிளந்ததும் தேவராஜுக்குக் களைப்பு கொஞ்சம் போனது. கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினான். "இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. போவும்போது அந்த ஊரு கடியாரத்தப் பாத்தா ஒண்ணரை மணி நேரந்தான் ஆயிருக்கும். வரும்போது நம்ம ஊரு கடியாரத்தப் பாத்தா ஆறரை மணி நேரம் ஆயிருக்கும்."

"போவ ஒண்ணரை, வர ஆறரையா?"

"ஆமாங்க."

கவுண்டருக்கு முகம் தெளிந்தது. இது அவருக்குப் புரிகிற விஷயம். "அப்ப குவைத்து பள்ளத்துல கீது" என்றார். "போவும்போது எறக்கம், வரும்போது ஏத்தம்." பெரியவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். சந்தவாசலுக்கு இறங்க ஒரு நேரம், திரும்பி ஏற ஒரு நேரம், உலகம் முழுக்க அப்படித்தானே இருக்கும். தேவராஜ் சூரியன், பூமி என்று ஏதோ விளக்க ஆரம்பித்தான். பிறகு மூச்சை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டான்.

"அப்ப ஏத்தக் கணக்கே வையுங்க. ஆறரை மணி நேரம்!" என்று ரங்கன் எழுந்தான். "பொழுது சாயறதுக்குள்ள வரச் சொல்லுங்க அவனை!"

இப்போது சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது ராணியம்மாள் பேசினாள். வழக்குக்குரிய பெண் கேட்டால்தான் பேச வேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, நெஜமா நாலு மணி நேரந்தானா?"

தேவராஜ் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். "ஆமாம்மா. நாலு மணி நேரம். பத்து நிமிஷம் முன்ன பின்ன."

"நானும் நாலு மணி நேரந்தான் நடக்கறேன்" என்றாள். "இங்கேர்ந்து சந்தவாசலுக்கு."

எதற்கு நடக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். சக்கரவர்த்தியின் காயிதங்கள் சந்தவாசலில் ரத்தினம்மாள் மளிகைக்கடை விலாசத்துக்குத்தான் வரும். படித்துச் சொல்பவளும் ரத்தினம்மாள்தான். சனிக்கிழமைதோறும் கோழி கூவ எழுந்து, புளியோ தேனோ கடுக்காயோ கூடையில் வைத்துக்கொண்டு ராணியம்மாள் இறங்குவாள். கடைக்காரி தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவாள். பதினான்கு மாசமாகக் கை விரிப்புதான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவாள். ஏற ஐந்தரை மணி நேரம்.

"அஞ்சு வருஷமா வாரா வாரம் நான் குவைத்துக்குப் போய்ட்டுப் போய்ட்டு வர்றேன் கவுண்டரே" என்றாள் ராணியம்மாள். குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு உடம்பில் தெம்பில்லை. "மழையில போனேன். காச்சலோட போனேன். கால்ல முள்ளு குத்திச் சீழு வெச்சப்பகூட, கோல ஊனிக்கினு போனேன். அந்த ஆளு ஒரு வாட்டி வர்ல. நான் தூரம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இத்தனை நாள் யாரிடமும் கோபப்படாமல் இருந்தது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று நினைத்தாள். சந்தைக்குப் போய் வருகிற தூரத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அவன் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

தேவராஜ் நல்லவன். தன்னால் ஒரு குடும்பம் உடைகிறதே என்று சங்கடப்பட்டான். "பிளேன்தான் நாலு மணி நேரம்மா" என்றான். "ஆனா பாஸ்போர்ட்டு மொதலாளி கையில இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் லீவு. சில மொதலாளிங்க அதுவும் தர மாட்டானுங்க. ஆட்டுப் பட்டியில கீறவனுக்கு ஊரு ரோட்டைக் கண்ணுல பாக்கறதே கஷ்டம். உம் புருஷனுக்கு எப்படியோ, நான் பாத்ததில்ல. குவைத்து இன்னா நம்ம சந்தையா, எல்லாரும் எல்லாரையும் பாக்க?"

கூட்டம் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. கவுண்டர் நியாயஸ்தர்தான். தந்தி போய்ச் சேர ஒரு நாள். முதலாளி காலில் விழுந்து லீவு வாங்கப் பத்து நாள். பிளேன் நாலு மணி நேரம், அதை ஒரு நாளாகவே வைத்துக்கொள்ளலாம். பாம்பேயிலிருந்து ரயில் இரண்டு நாள். மலையேற ஒரு நாள். கால் ஆற மூன்று நாள். எல்லாம் சேர்த்துப் பதினெட்டு. உட்கார்ந்து வருகிறவனுக்குக் கால் ஆற எதற்கு மூன்று நாள் என்று ரங்கன் கேட்டதற்கு, அது முறை, அதில் கை வைக்காதே என்றார் கவுண்டர். பதினெட்டு நாளுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சாமை அறுப்புக்குத் திரும்ப வேண்டும், பொழுது உச்சி தாண்டிவிட்டது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிலர் எழுந்தும்விட்டார்கள்.

மங்கம்மாள் மட்டும் எழவில்லை. நாலு மணி நேரம் என்று கேட்டதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. கடலை வைத்து அத்தனை பெரிய கூட்டத்தையே மடக்கியவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நாளுக்கு அவள் மல்லுக்கு நிற்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராணியம்மாளும் அதற்குத்தான் பயந்தாள்.

"தம்பி" என்று தேவராஜைக் கூப்பிட்டாள் மங்கம்மாள். "தந்தி எத்தினி நாள்ல போவும்னு சொன்னே?"

"ஒரு நாளும்மா. ஆளு காட்டுல கீறான்னா ரெண்டு நாளு."

"இவ மாமனாரு செத்தப்போ இவ தந்தி குடுத்தா. ஆடி மாசம். ரெண்டு வருஷம் ஆச்சு."

குடுத்தாள். ராணியம்மாளுக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. காலையில் பெரியவர் போனார், தலைக்குத் தண்ணீர் கூட ஊற்றிக்கொள்ளாமல் இவள் மலையிறங்கி ஓடினாள். சந்தவாசலில் தந்தி கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தாள். மறுநாள் சாயந்தரம் வரை மங்கம்மாள் பிணத்தை எடுக்க விடவில்லை. பிள்ளை வருவான் என்பதற்காக இல்லை, வர முடியாத தூரம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நாற்பது நாள் கழித்துக் காயிதம் வந்தது. ரத்தினம்மாள் படித்துச் சொன்னதை வார்த்தை பிசகாமல் சுமந்துகொண்டு வந்து ராணியம்மாள் மாமியாரிடம் சொன்னாள். மங்கம்மாள் அதை ஊருக்குச் சொன்னாள். களையெடுக்கும்போது சொன்னாள், தண்ணீர் எடுக்கும்போது சொன்னாள். ரொம்ப தூரமாம், வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமாம், பாவம் புள்ள.

"செத்த அன்னிக்கித் தந்தி" என்றாள் மங்கம்மாள். விரலை மடக்கினாள். "மறுநாளு அவன் கையில. பத்து நாளு லீவுக்கு வெச்சிக்க. நாலு மணி நேரம் பிளேனு. ரெண்டு நாளு ரயிலு. பதினாறாம் நாளு கருமாதிக்கு வந்திருக்கலாமா, இல்லியா?"

தேவராஜ் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். "லீவு கெடச்சிருந்தா வந்திருக்கலாம்மா. கெடச்சிருக்காது. பாஸ்போர்ட்டு இல்லாம எப்படி வர முடியும்? வர முடியாமத்தான்..."

"வர முடியலன்னு அவன் எழுதலப்பா" என்றாள் மங்கம்மாள். "தூரம்னு எழுதினான்."

எழுந்து நின்றவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"வுடல, புடிச்சி வெச்சிக்கீறான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் இங்கேர்ந்து அந்த மொதலாளிக்கு மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். எம்புள்ளை அழுதுகிட்டு கீறான்னு அழுதிருப்பேன். மலையில கீறதுங்களுக்கு இன்னா தெரியும், தூரம்னா நம்பிடும்ங்கன்னு எழுதினான். நானும் நம்பினேன். கடலு வடியணும்னு கூட்டத்துல வந்து பேசறேன் பாரு, எனக்கு மானமே இல்ல."

அவள் எழுந்து, கோயில் வாசலில் யாரோ உதறிவிட்டுப் போயிருந்த சாமைத்தாளில் ஒன்றைப் பொறுக்கினாள். கவுண்டருக்கு அப்போதும் விளங்கவில்லை. ராணியம்மாளுக்கு விளங்கியது. வேண்டாம் அத்த என்று சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை, வந்திருந்தாலும் மனசார வந்திருக்காது.

"கெடு வாணாம், தந்தியும் வாணாம்" என்றாள் மங்கம்மாள். "கெடுன்னு தந்தி போனா பயந்துகிட்டு ஒருவேளை வந்தாலும் வந்துடுவான். அப்பனுக்கு வராதவன் பொண்டாட்டி போறான்னு வந்தா, அவனுக்கு நான் சோறு ஆக்கிப் போடணும். இவ பாய் போடணும். எங்க ரெண்டு பேராலயும் ஆவாது." அந்தத் துரும்பை இரண்டாகக் கிள்ளிக் கூட்டத்தின் நடுவில் போட்டாள். "எம்புள்ளைக்காக நான் கிள்ளிட்டேன். நீ போம்மே."

கவுண்டர் பதறி எழுந்தார். "மங்கம்மா, இன்னா பண்றே? புருஷன் கையால கிள்ளணும், இல்ல கெடு முடிஞ்சி பொண்ணு கிள்ளணும். பெத்தவ கிள்றது எந்த முறையிலயும் இல்ல!"

"பிளேனு இருந்துச்சா முறையில?" என்று கேட்டாள் மங்கம்மாள். "அதைச் சேத்துக்கினீங்க இல்ல? இதையும் சேத்துக்குங்க."

சொல்லிவிட்டுக் கூட்டம் கலைய உத்தரவு கேட்காமலே நடந்தாள். கவுண்டர் பெரியவர்களைப் பார்த்தார், பெரியவர்கள் கவுண்டரைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். கடைசியில் கவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சரி, கூட்டிக்கினு போப்பா என்று ரங்கனிடம் சொன்னார். இனி குவைத்துக்குப் போகிறவனுக்கு இந்த ஊரில் பெண் கொடுப்பதில்லை என்று ஒரு வார்த்தை வைத்துவிடலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். வேறு ஒருவரும் போகப்போவதில்லை என்பதால் அது விடப்பட்டது.

வீட்டில் ராணியம்மாள் எடுத்துக்கொள்ள இரண்டு சேலை, ஒரு பித்தளைச் சொம்பு, தாய் வீட்டில் போட்ட பாசிமணி. பத்து நிமிஷத்தில் மூட்டை கட்டியாகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு இது ரொம்பச் சின்ன மூட்டை என்று ரங்கன் முணுமுணுத்தான். கன்றுக்குட்டி இவளைப் பார்த்துக் கத்தியது. தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

மங்கம்மாள் வீட்டில் இல்லை. நெல்லிவாசல் பாதை சாமைக் காட்டை ஒட்டித்தான் போகிறது. அங்கே இருந்தாள். நேற்று ராணியம்மாள் விட்ட இடத்திலிருந்து பிடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். காட்டில் பாதிக்கு மேல் இன்னும் நின்றது. ஒருத்தியாக அறுத்தால் எட்டு நாள் ஆகும், மழை வந்தால் அதுவும் இல்லை. ரங்கன் நிற்காமல் முன்னால் போய்விட்டான்.

"அத்த" என்றாள் ராணியம்மாள் வரப்பில் நின்று.

"நிக்காத. பொழுது போவுது."

"செவலை மாட்டுக்குக் கால்ல புண்ணு கீது. மஞ்ச வெச்சிக் கட்டு."

"தெரியும்."

"காயிதம் ஏதாச்சும் வந்தா..."

மங்கம்மாள் நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து, அடிவாரம் இருக்கிற திசையை ஒரு தரம் பார்த்தாள். "வந்தா அந்தக் கடையிலயே கெடக்கட்டும்" என்றாள். "எனக்கு வயசாச்சு. நாலு மணி நேரம் எனக்குத் தூரம்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி குனிந்துவிட்டாள். ராணியம்மாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷத்தில் அவள் அழுததில்லை, அழ நேரமும் இருந்ததில்லை. குவைத்தில் இருக்கிறவனுக்காக இப்போதும் ஒரு சொட்டு வரவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, அதைக் கொடுத்தவள் இங்கே தனியாகக் குனிந்து நிற்கிறாள் என்பதற்குத்தான் அழுதாள். இறங்கிப் போய் ஒரு வரிசையாவது அறுத்துக் கொடுக்கலாம். ஒரு வரிசை அறுத்தால் காட்டை முடிக்காமல் கிளம்ப மாட்டோம், காட்டை முடித்தால் புளி வரும், தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். ரங்கன் மேட்டில் நின்று கூப்பிட்டான். மூட்டையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நடந்தாள். மேடு ஏறும்வரை பின்னால் கதிர் அறுபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.